துணியின் எடையும் தாயின் எடையும்

திருப்பூரில் துணியின் எடையை அறியாமல் யாரும் ஒரு காரியமும் செய்வதில்லை. நிட்டிங்கிலிருந்து வந்த துணி சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து திரும்பியவுடன், வட்டமான கட்டரை அதன்மேல் வைத்து அழுத்தித் திருகி, உள்ளங்கையளவு வில்லை ஒன்றை அறுத்தெடுத்து, சின்னஞ்சிறு மின் தராசில் இட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். பார்க்கிறார்கள், 180 வரவேண்டிய இடத்தில் 165 வந்துவிட்டால் அந்த லாட் அங்கேயே நின்றுபோகிறது, மெர்ச்சண்டைசர் ஓடி வருகிறார், தவறு நூலிலா, லூப் நீளத்திலா, சாயத்திலா என்று அன்றைக்கே விசாரணை நடக்கிறது. இத்தனை சிரத்தையோடு துணியை நிறுத்துப் பார்க்கும் இந்த வட்டாரத்தில், அந்தத் துணியைத் தைத்தும் பிசிறு வெட்டியும் செக்கிங் பார்த்தும் மடித்தும் ஜீவனம் செய்கின்ற பெண்களின் தேக எடை என்ன, ஆறு மாதத்திற்கு முன் அது எவ்வளவாயிருந்தது, கர்ப்பமுற்றவளானால் மாதாமாதம் அது ஏறி வருகிறதா என்று கேட்பதற்கு, அவர்கள் பகற்பொழுதெல்லாம் கழிக்கும் கம்பெனிகளில் பெரும்பாலும் ஓர் ஏற்பாடும் கிடையாது.

ஆனால் அவர்களிடத்தில் கேள்விகள் இல்லாமல் இல்லை. செக்கிங் டேபிளில் எதிரே நிற்கும் அக்காவிடமும், வேனில் தோளொட்டி உட்கார்ந்து வரும் ஊர்க்காரியிடமும், ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைக்காரரிடமும் அவை தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றன. "ஏனுங்கக்கா, என்னத்தத் தின்னாலும் ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குதே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒல்லியா இருக்குதுன்னு சொல்றாங்க" என்பவள் ஒருத்தி, "அஞ்சாம் மாசம் பொறந்திருச்சுங்க, ரெண்டு கிலோதான் ஏறியிருக்குது, கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா?" என்பவள் மற்றொருத்தி, "நெறையாச் சாப்புட்டா கொழந்தை பெருத்து ஆபரேசன் ஆயிருமாமே" என்று மாமியார் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு சோற்றைக் குறைத்துக்கொண்டவள் இன்னொருத்தி. மதுரைப் பக்கத்திலிருந்தும் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள் இவர்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கோ இந்தச் சந்தேகங்களைத் தங்கள் பாஷையில் கேட்பதற்குக்கூட ஆள் அகப்படுவதில்லை.

இவற்றைக் கேட்கும் பெண்களை அறியாதவர்கள் என்று கருதுவது பெரிய அநியாயம் என்பது என் அபிப்பிராயம். இக்கேள்விகளுக்கெல்லாம் வைத்திய சாஸ்திரம் எப்போதோ தெளிவாக விடை சொல்லியிருக்கிறது. அவ்விடைகளில் பெரும்பாலானவை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு மனப்பாடம். திருப்பூர்ப் பெண்ணுக்கு இல்லாமற் போயிருப்பது உண்பதற்கு நேரம். அந்த நேரத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் வல்லவர்கள் அவளுடைய குடும்பத்தார் மாத்திரமல்ல, வேலை கொடுப்போரும் ஆவர். ஆகவே பெண்ணின் எடை என்பதை அவளுடைய சொந்த விஷயமாகவும், அவளது அசிரத்தையின் பலனாகவும் பேசிக்கொண்டிருப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

அவளுடைய நாளைப் பாருங்கள். திருப்பூரில் முழு ஷிப்டு என்று சொல்லும்போதே ஒன்றரை ஷிப்டு என்பதுதான் பலருடைய மனத்தில் இருக்கிறது; காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டு, எட்டரைக்கு வெளியே வருவது. அவசர ஆர்டர் என்றால் அதற்கும் மேல். ஐந்து மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் நாளானால் அதையும் பிடித்து வைத்து, காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து, புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் டப்பா கட்டி, ஏழரை மணிக்குத் தெருமுனையில் ஹாரன் அடிக்கும் வேனைப் பிடிக்க ஓடுகிறவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுவாள்? இரண்டு இட்லியை அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வாள், அல்லது அதுவும் இல்லை. பதினொரு மணிக்கு டீ. அதோடு ஒரு பன்னோ வடையோ. ஒரு மணிக்குத்தான் அன்றைய முதல் ஆகாரம் என்று சொல்லத்தக்கது; அதுவும் விடியற்காலையில் ஆக்கி மூடிய டப்பாவில் சோறும் குழம்பும் ஒரு பொரியலும் மாத்திரம். மறுபடி சாயங்காலம் டீ, போண்டா. வீடு திரும்பி, உலை வைத்து, எல்லோருக்கும் போட்டு, மிஞ்சியதை அவள் உண்ணும்போது பத்து மணி ஆகிவிடுகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவளாயிருந்தால் மத்தியான இடைவேளையிலும் பாதியைத் தானே சுருக்கிக்கொண்டு மிஷினில் உட்காருகிறாள். கழிப்பறைக்கு எழுந்து போனால் புரொடக்ஷன் குறையும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள்.

அவளுடைய பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தினால், அது பள்ளியில் சுடச்சுட உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறது. மத்தியானத்தில் முட்டையும் சோறும் உண்டு. குழந்தையின் பசியைச் சர்க்காரின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதில் இந்த நாட்டுக்கே நம் மாகாணம் வழிகாட்டி. அந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும் காலத்தில், அதன் காலை ஆகாரத்தை மாத்திரம் தாயின் சௌகரியத்துக்கு விட்டுவிட்டோம்.

எடை பார்ப்பதிலும் நமக்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை முதலிய ஜில்லாக்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மாத்திரம் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றினார்கள். ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவு கட்டாமல், போன மாதத்திற்கும் இந்த மாதத்திற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் அதில் சிறப்பு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அத்திட்டத்தில் சேர்ந்தவர்களே. அந்த விவேகம் இங்கே பழக்கத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும், தொழிற்சாலை வாசலைத் தாண்டி அது உள்ளே போகவில்லை.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.6 பேர் இருக்கவேண்டிய எடைக்குக் குறைந்தவர்கள், 40.4 பேர் அதற்கு மிஞ்சியவர்கள். எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் 53.4 பேருக்கு இரத்தசோகை, கர்ப்பிணிகளில் 48.3 பேருக்கு. இந்த எண்களைப் பார்த்து, ஒல்லியாயிருப்பவர்கள் குறைந்துவிட்டார்களே என்று ஆறுதல் கொள்வது தகாது. உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் வேலை, வெள்ளைச் சோறு, சர்க்கரை மிகுந்த டீ, எண்ணெயில் பொரித்த பண்டம் என்னும் இதே ஜீவனம் ஒருத்தியை வற்றச் செய்கிறது, இன்னொருத்தியை ஊதச் செய்கிறது. இருவரையும் இரத்தம் குறைந்தவர்களாக ஆக்குகிறது. ஆகையினால் எடையை ஏற்ற வேண்டும் என்று வருகிறவளுக்கு எதைக்கொண்டு ஏற்றுவது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமாகாத பெண்ணின் கேள்விக்கு முதலில் வருவோம். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 42 முதல் 52 கிலோ வரையில் ஆரோக்கியமான எடை. 155 சென்டிமீட்டர் என்றால் 45 முதல் 55. இந்த வரம்புக்குள் இருப்பவள் பிறர் சொல்லுக்காகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கீழே இருப்பவள், அதிலும் முன்பு சரியாயிருந்து இப்போது இளைத்தவள், தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றும் இல்லையென்று அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள வேண்டும்; இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நோய் ஒன்றுமில்லையென்றால், மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ என்னும் நிதானத்தில் ஏறுவதே நல்லது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் 'சதை போடுற மாத்திரை'யை மாத்திரம் நஞ்சென்றே நினைக்க வேண்டும். அவற்றில் ஒரு வகை, ஒவ்வாமைக்குத் தரும் சைப்ரோஹெப்டடின். பசியைக் கிளப்புவதோடு தூக்கத்தையும் கொண்டுவரும், ஓவர்லாக் மிஷினின் ஊசிக்கும் கத்திக்கும் முன்னால் தூக்கக் கலக்கம் என்ன செய்யும் என்பதை அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. கன்னம் உப்பி நிற்பதைக் கண்டு எடை ஏறிற்று என்று சந்தோஷப்படுகிறவர்கள், அதே மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றி, எலும்பைப் பலவீனப்படுத்துவதையும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாவதையும் அறியார்கள்.

கர்ப்பிணிக்கு வேண்டிய எடை எவ்வளவு என்பது அவள் எந்த எடையில் கர்ப்பமுற்றாள் என்பதைப் பொறுத்தது. 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்து, இன்று பல நாடுகளில் வழங்கும் கணக்கின்படி, மெலிந்தவளுக்கு 12.5 முதல் 18 கிலோ, சரியான எடையுள்ளவளுக்கு 11.5 முதல் 16, சற்றுப் பருத்தவளுக்கு 7 முதல் 11.5, மிகவும் பருத்தவளுக்கு 5 முதல் 9. நம் சுகாதார நிலையங்களில் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ என்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் மசக்கையினால் ஏறாமலோ சற்று இறங்கியோ இருப்பது சகஜம். அதற்குப் பின் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ ஏறிவர வேண்டும். இந்த எடையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கும் பெண்ணுக்கு, குழந்தை மூன்று கிலோ, நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் ஒன்றரைக் கிலோ, கருப்பையும் மார்பும் ஒன்றரை, கூடுதலாக ஊறும் இரத்தமும் உடல் நீரும் இரண்டரை முதல் மூன்று, பால் கொடுக்கும் காலத்திற்கென்று தேகம் சேமிக்கும் கொழுப்பு மூன்று கிலோவுக்கு மேல் என்று கணக்குச் சொல்லிவிடலாம். ஐந்தாம் மாதத்தில் இரண்டு கிலோ ஏறியவள் அச்சப்பட்டு நிலைகுலைய வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாதமும் தராசு நகரவில்லையென்றால் அதை அசட்டை செய்யக் கூடாது.

இதற்காக இரட்டிப்பாக உண்ண வேண்டும் என்பதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் வருஷத்து அட்டவணை, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகவும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் புரதம் கூடுதலாகவும் கேட்கிறது. குழந்தை பெற்ற பின் பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கோ 600 கலோரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஓர் அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால்: 350 கலோரி ஏறக்குறைய இதிலேயே அடங்கிவிடுகிறது, புரதத்தில் முக்கால் பங்கும் வந்துவிடுகிறது. நாமக்கல் முட்டையும் காங்கயத்துக் கடலையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊர் இது. கொங்கு நாட்டுப் பெண்களின் பாட்டிமார் தின்ற கொள்ளுப் பருப்பும், பச்சைப்பயறு கடைசலும், கம்பஞ்சோறும், அரிசியும்பருப்புஞ் சாதமும், எள்ளுருண்டையும் யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஆகாரங்கள் அல்ல. அவற்றை அவித்துக் கடைந்து உருட்டுவதற்கு ஒன்றரை ஷிப்டு இடங்கொடுப்பதில்லை.

உணவோடு ஓய்வும் சேர்ந்தாலொழிய வயிற்றிலுள்ள குழந்தையின் எடை ஏறாது என்பதற்கு நம் நாட்டிலேயே ருசு இருக்கிறது. புனே நகரத்துக்கு அருகில் ஆறு கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் 1993-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், சராசரி 42 கிலோ எடையுள்ள ஏழைத் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாலும் கீரையும் பழமும் அடிக்கடி உண்டவர்களின் குழந்தைகள் பெரியவையாகப் பிறந்தன. வயலிலும் வீட்டிலும் உடலுழைப்பு மிகுந்த தாய்மாரின் குழந்தைகள் சிறியவையாகப் பிறந்தன. அது கிராமத்து வயல், இது பனியன் கம்பெனி என்று ஒதுக்கிவிட வேண்டாம். காலை முதல் இரவு வரை செக்கிங் டேபிளுக்கு முன் நின்றுகொண்டே இருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணியின் தேகமும் அதே கணக்கைத்தான் போடும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தை நோய்க்கு எளிதில் இரையாவதும், வளர்ந்த பிறகு சர்க்கரை வியாதிக்கும் இருதய நோய்க்கும் அதிக இடங்கொடுப்பதும் இன்று எல்லா வைத்தியரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

குழந்தை பெருத்துவிடும் என்று அஞ்சிச் சோற்றைக் குறைப்பவளிடம் ஒன்று சொல்ல வேண்டும்: பட்டினியால் குழந்தையின் வலுத்தான் குறையுமே தவிர, பிரசவம் சுலபமாகாது. குழந்தை மிதமிஞ்சிப் பெருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தாயின் சர்க்கரை. அதைக் கண்டுபிடிக்கச் சென்னை டாக்டர் வி. சேஷய்யா முதலியோரின் முயற்சியால் வழக்கத்துக்கு வந்த, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கும் சோதனை எல்லா அரசு நிலையங்களிலும் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரையின் கதை வேறு. நாலாம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாளாவது விழுங்க வேண்டிய அந்தச் சிவப்பு மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்றும், தின்றால் குழந்தை கறுத்துவிடும் என்றும் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் பலர். சிரத்தையாகத் தின்பவளோ, வேறு நேரம் இல்லாத காரணத்தால், பதினொரு மணி டீயோடு அதை விழுங்குகிறாள். டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைத் தேகத்தில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆறு மாதம் தவறாமல் மாத்திரை தின்றும் இரத்தம் ஏறவில்லையே என்று அவள் கலங்குகிறாள். அதே மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரோடோ, எலுமிச்சம்பழச் சாற்றோடோ எடுத்துக்கொண்டு, டீயை முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விலக்கினால் போதும். இந்த ஒரு வார்த்தையைக் கம்பெனியில் டீ வாளியோடு வருகிறவரின் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி மாட்டினாலும் பெரிய உபகாரமாகும்.

சட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம், 2017-இல் திருத்தப்பட்டு, 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் உரிமையாக்கிற்று, தொழிலாளர் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவளுக்கு அந்தச் சம்பளத்தை அந்தக் கழகமே கொடுக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு நிதியுதவி, 18,000 ரூபாயில் ஒரு பங்கைச் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்பு டானிக் அடங்கிய பெட்டகமாகவே கொடுக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. சமுதாய வளைகாப்பில் வளையலும் கலந்த சாதமும் உண்டு. ஆனால் நிதியுதவிக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. அங்கன்வாடி திறந்திருப்பது பகலில். செவ்வாய்க்கிழமை ஒன்றரை ஷிப்டு சம்பளத்தை இழந்தாலன்றி அவளால் தராசின்மேல் ஏறி நிற்கவே முடியாது. காண்ட்ராக்டரிடம் பெயரில்லாமல் வேலை செய்பவளுக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, வயிறு தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சி ஐந்தாம் மாதம் வரை ஒளித்துக்கொண்டிருப்பவளை எந்தப் பதிவேடும் காண்பதில்லை.

முதலாளிமாருக்கும் கஷ்டம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் சரக்குகளின்மேல் வரியை ஐம்பது சதவீதமாக்கியபோது இந்த ஊர் பட்ட பாட்டை நாடே பார்த்தது. பல கம்பெனிகள் சொற்ப லாபத்தில் ஓடுகின்றன என்பதும் உண்மை. ஆயினும் நான் கேட்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று. கர்ப்பிணியான ஒவ்வொரு தொழிலாளிக்கும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் சம்பளம் பிடிக்காமல் இருபது நிமிஷம், உட்கார்ந்து உண்பதற்கு. அந்த வேளையில் கம்பெனிச் செலவில் முட்டை, கடலை, பால், இன்றைய விலையில் இருபத்தைந்து, முப்பது ரூபாய். முதலுதவி அறையில் ஒரு தராசும், மாதம் ஒரு முறை எழுதும் ஒரு நோட்டும், அதிலே எடை நின்றுபோனவளைச் செவ்வாய்க்கிழமை சம்பளத்தோடு அனுப்பி வைப்பதும். நிற்கும் வேலையிலுள்ளவளுக்கு ஒரு ஸ்டூல். ஐந்தாம் மாதத்துக்குப் பின் ஒரே ஷிப்டு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்காகத் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று 2024 முதல் சுகாதாரத் துறையினர் தொழிற்சாலைகளுக்கே வருகிறார்கள். அவர்களோடு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் வந்தால் கர்ப்பிணிகளின் பதிவும் எடையும் அங்கேயே முடிந்துவிடும். ஒடியாவும் ஹிந்தியும் பேசத் தெரிந்த ஒருவரும் உடன் வரட்டும்.

இவற்றைத் தருமமாகக் கேட்க வேண்டியதில்லை. இந்த ஊரில் சம்பளம் என்பது உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தால் நிர்ணயமாகிறது. பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்ற தொழிலாளர்களின் ஊர் இது. அன்று சங்கங்களின் மேஜையில் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள்; இன்று மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். பஞ்சப்படி, பயணப்படி, ஓவர்டைம் என்று பிரிவு பிரிவாக எழுதும் அந்த ஒப்பந்தத்தில், கர்ப்பிணிகளின் உணவு இடைவேளைக்கும் மாதாந்தர எடைக்கும் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் இதை அதில் முதல் பக்கத்திலேயே எழுதுமாறும், அப்பட்டியலை எழுதும்போது பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்கள் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.